கைலிக்காரனும் வேட்டிக்காரனும்

அண்ணன் சோற்றைத் தின்றுவிட்டு அண்ணனையே நாலு பேர் நடுவில் தலைகுனிய வைத்தாள் என்கிறீர்களே, அந்தச் சோறு எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா? கதிரில் பால் பிடிக்கிற நாளிலிருந்து அறுப்பு மெஷின் வயலில் இறங்குகிற நாள் வரைக்கும், விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை வரப்பில் உட்கார்ந்து, அந்த நெல்லைக் குருவி வாயிலிருந்து காப்பாற்றியது யார்? ஆனந்தவல்லிதானே. அவள் காத்த சோற்றைத்தான் அந்த வீடே தின்றது. அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டீர்கள்.

குழாயடியில் ராஜாத்தி சொல்லிக்கொண்டிருக்கிறாளாம், பொடிக்குருவிக்காகப் பிறந்த வீட்டை விட்டுப் போன பைத்தியம் என்று. ராஜாத்தி அன்றைக்கு வளைகாப்புக்கு வந்ததே இலை போட்ட பிறகுதான். அதற்கு முன்னால் கூடத்தில் என்ன நடந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பாயசம் எப்படி இருந்தது என்று கேளுங்கள், அதைச் சரியாகச் சொல்வாள்.

ஆனந்தவல்லி பைத்தியமும் இல்லை, நன்றி கெட்டவளும் இல்லை. 'தெரியாமச் சொல்லிட்டேன்' என்று இரண்டே வார்த்தை அவள் வாயிலிருந்து வந்திருந்தால், இன்றைக்கும் அந்த வீட்டின் பின்கட்டு அறை அவளுடையதுதான். அவள் அதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டு அப்புறம் பேசுங்கள்.

அவளைக் குடவாசல் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். நாலாம் வருஷமே புருஷன் போய்விட்டான். பிள்ளையும் இல்லை. பூதலூர்ப் பக்கத்தில் இருக்கிற இந்த ஊருக்கு, அண்ணன் நடராசன் வீட்டுக்கு அவள் திரும்பி வந்தபோது வயது இருபத்தேழு. நடராசன் நல்ல மனிதர்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். 'வா' என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்கவில்லை. அண்ணி தையல்நாயகியும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் சும்மா உட்கார்ந்து சாப்பிட ஆனந்தவல்லிக்கு வராது. அந்த வருஷமே அண்ணன் வயலுக்குக் குருவி விரட்டப் போனாள். பத்தொன்பது வருஷம் போனாள்.

குருவி விரட்டுவதை ஒரு வேலையாகவே யாரும் நினைப்பதில்லை. ஒரு தகர டப்பாவும் குச்சியும் இருந்தால் ஆயிற்று. தூரத்தில் கூட்டம் தெரிந்ததும் 'ஹோய்' என்று கத்தி டப்பாவைத் தட்டுவார்கள். கூட்டம் எழும்பிப் பக்கத்து வயலில் இறங்கும். அங்கே இருக்கிறவன் தட்டுவான். திரும்ப இங்கே வரும். நாள் முழுக்க ஊரார் குருவியை ஒருவருக்கொருவர் தள்ளிவிட்டுக்கொள்கிற வேலை அது. அப்படி விரட்டுகிறவர்களுக்குக் குருவியின் பின்பக்கம் மட்டும்தான் தெரியும்.

ஆனந்தவல்லியின் முறை வேறு. வரப்போரம் நாலு மூங்கிலை நட்டு, மேலே தென்னங்கீற்றைப் போட்டு, அதற்குள் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். கூட்டத்தை இறங்க விடுவாள். எங்கே இறங்குகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அந்த இடத்துக்குப் போகிற கயிற்றை ஒரு இழுப்பு இழுப்பாள். வயலுக்கு நடுவே கட்டியிருக்கிற தகரம் அதுகளின் தலைக்கு மேலேயே சடசடக்கும். ஒரு பொழுதுக்கு நாலு இழுப்பு போதும்.

“நாம கத்தறது அதுக்குப் பழகிப்போயிடும். அது வாயில வைக்கிறப்ப சத்தம் வரணும். அப்பத்தான் பயம் வரும்” என்பாள்.

அப்படி உட்கார்ந்து பார்த்ததில்தான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. ஊரில் எல்லாருக்கும் அது நெல்லுக்குருவி. கைக்குள் மூடிவிடலாம், அவ்வளவு சின்னது. பழுப்பு நிறம், தடித்த அலகு, கூட்டமாக வரும், கூட்டமாகப் போகும். ஆனந்தவல்லிக்கு மூன்றாம் வருஷமே அது ஒன்றில்லை, இரண்டு என்று தெரிந்துவிட்டது.

ஒன்று நல்ல கருப்பட்டி நிறம், அலகு கறுப்பு. நெஞ்சில் வெள்ளைத் துணியில் பழுப்பு நூலால் கட்டம் போட்ட மாதிரி இருக்கும். அதற்குக் கைலிக்காரன் என்று பெயர் வைத்தாள். இன்னொன்று வெளுத்த மணல் நிறம். தொண்டையிலிருந்து வயிறு வரைக்கும் சலவைக்குப் போட்டு எடுத்த வெள்ளை. அலகு ஈயத்தைப் போலச் சாம்பல் பூத்திருக்கும், வால் கறுத்து ஊசியாக நீண்டிருக்கும். அது வேட்டிக்காரன்.

கைலிக்காரன் நெல் தண்டில் பக்கவாட்டில் தொற்றிக்கொள்வான். பால் பிடித்த நெல்லை அலகில் வைத்து ஒரு நசுக்கு நசுக்கிப் பாலை உள்ளே இழுத்துக்கொண்டு உமியைத் துப்பிவிடுவான். ஒரு கதிரை முடிக்காமலே அடுத்த கதிருக்குத் தாவுவான், அதுதான் வயிற்றெரிச்சல். வேட்டிக்காரன் வரப்பை விட்டு வயலுக்குள் இறங்குவதே அபூர்வம். வரப்புப் புல்லின் தாளில் ஏறி, அது வளைந்து மண்ணைத் தொடுகிற வரைக்கும் நகர்ந்து போய், உட்கார்ந்து விதையை உருவுவான்.

“இவன் நம்ம களையைத் திங்கறான். கூப்பிடாம வந்து வேலை செய்யிற ஆளு” என்று ஆனந்தவல்லி சிரிப்பாள்.

அவளும் ஏமாந்தவள்தான். ஒரு வருஷம் கட்டம் இல்லாத குருவிகள் பத்துப் பதினைந்து கதிரில் தொங்கி நெல்லை நசுக்குவதைப் பார்த்துத் திகைத்துப்போனாள். வேட்டிக்காரனும் கெட்டுவிட்டானே என்று இரண்டு நாள் அவனையும் சேர்த்து விரட்டினாள். மூன்றாம் நாள்தான் வாலைப் பார்த்தாள். ஊசி வால் இல்லை. அத்தனையும் கைலிக்காரன் குஞ்சுகள். குஞ்சாக இருக்கும்போது நெஞ்சில் கட்டம் விழுவதில்லை, வெறும் பழுப்புதான். 'கைலி கட்ட இன்னும் வயசு வரல' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்றிலிருந்து வாலைப் பார்க்காமல் யாரையும் திருடன் என்று அவள் சொன்னதில்லை.

இந்த வருஷம் நடராசன் போர்வெல் தண்ணீரை நம்பி ஊருக்கு முன்னால் குறுவை நட்டுவிட்டார். ஊரெல்லாம் பச்சையாக நிற்கும்போது ஒரே ஒரு வயல் மட்டும் பால் பிடித்தால் என்ன ஆகும்? சுற்றுவட்டாரத்துக் குருவி அத்தனையும் அங்கே பந்திக்கு உட்கார்ந்துவிட்டது. ஆனந்தவல்லி கயிற்றை இழுத்து இழுத்துக் கை காய்த்துப்போயிற்று. நடராசன் நைலான் வலையை வாங்கி வயலைச் சுற்றிக் கட்டினார். காலையில் போய்ப் பார்த்தால் வலையில் குருவிகள் செத்துத் தொங்கும். கைலிக்காரனும் இருப்பான், வரப்புப் புல்லுக்கு வந்த வேட்டிக்காரனும் இருப்பான். நடராசன் கண்ணுக்கு எல்லாம் ஒரே குருவி.

வாய்க்கால் கரையில் கருவேல முள்ளும் நாணலும் அடர்ந்து கிடக்கிறதல்லவா, அதற்குள் உருண்டை உருண்டையாகக் கூடுகள் தொங்குவதை ஒரு நாள் பார்த்துவிட்டார். இங்கேதான் உற்பத்தியாகிறது என்று முடிவு கட்டினார். ஞாயிற்றுக்கிழமை கரையைக் கொளுத்திவிடுவது என்று ஊரில் நிலம் உள்ளவர்கள் பத்துப் பதினைந்து பேரை அவரே வீடு வீடாகப் போய்ச் சேர்த்தார்.

இதே நேரத்தில் அவர் வீட்டில் வேறொரு கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. மகன் பரணிதரன் சிங்கப்பூரில் இருக்கிறான். மருமகள் ஜெயபாரதிக்கு ஏழு மாதம், வெள்ளிக்கிழமை வளைகாப்பு. போர்ட்டிக்கோ மேல் படர்ந்திருக்கிற காகிதப்பூக் கொடியில் ஒரு ஜோடிக் குருவி கூடு கட்டியிருந்தது. மாசமான பெண் இருக்கிற வீட்டில் குருவி கூடு கட்டினால் கலைக்க மாட்டார்கள், அதுவும் வாசலில் தானாக வந்து கட்டினால் கேட்கவே வேண்டாம். 'மகாலட்சுமி மாதிரி சிட்டுக்குருவி வந்துருக்கு' என்று தையல்நாயகி வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். கீழே ஒரு கிண்ணத்தில் அரிசி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர். கார் ஹாரன்கூட அடிக்கக் கூடாது என்று உத்தரவு.

ஆனந்தவல்லி முதல் நாளே பார்த்துவிட்டாள். சிட்டு ஏது? கைலிக்காரனும் அவன் பெண்டாட்டியும். ஜெயபாரதிக்கு மட்டும்தான் அது தெரியும். அவள் படித்த பெண், சின்னம்மா சொல்கிற அடையாளத்தை எல்லாம் போனில் தேடிப் படத்தோடு கொண்டுவந்து காட்டினாள்.

“சின்னம்மா, இது உங்க கைலிக்காரன்தானே? புள்ளிச் சில்லைன்னு போட்டிருக்கு. இந்தா பாருங்க, இது வெண்தொண்டைச் சில்லை.”

“பேரு என்னவோ இருந்துட்டுப் போகட்டும் ஆயி. ஆளு நம்ம ஆளுதான்.”

“அப்ப நம்ம வீட்டு வாசல்ல இருக்கறது நெல்லுத் திருடனா? மாமாகிட்ட சொல்லிடவா?”

“வேண்டாம் வேண்டாம். அண்ணி எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க. குஞ்சு பறக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்.”

இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணனை அவமானப்படுத்தத் துடித்துக்கொண்டிருந்தாள் என்கிறீர்களே, அவள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். கரைக்குத் தீ வைக்கப் போகிறார்கள் என்கிற பேச்சு வராமல் இருந்திருந்தால் இன்னும் மூடிக்கொண்டே இருந்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். காய்ந்த பனையோலையும் மண்ணெண்ணெய்க் கேனும் வந்துவிட்டன. ஆனந்தவல்லி வயலிலிருந்து நேராக வந்தாள். ஒரு கையில் கருக்கரிவாள், இன்னொரு கையில் வாழையிலைச் சுருள்.

“வயலைப் போட்டுட்டு நீ எதுக்கு இங்க வந்தே?” என்றார் நடராசன்.

“நெருப்பு வைக்கப் போறியே, யாரு வீட்டுலன்னு தெரியுமாண்ணே?”

“ஏன்க்கா, குருவி வீட்டு வரி கட்டியிருக்கா?” என்றான் ராம்கி. அவனுக்கும் பக்கத்தில் நிலம் உண்டு. எங்கே கூட்டமோ அங்கே நின்று கிண்டல் பேசுகிறவன். எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. இலையைத் தரையில் விரித்தாள். காலையில் வலையில் செத்துக்கிடந்த ஆறு குருவிகள், கைலிக்காரன் மூன்று, வேட்டிக்காரன் மூன்று. ஒவ்வொன்றின் கழுத்திலும் இரை தங்குகிற பை பட்டாணி மாதிரி புடைத்திருந்தது. அரிவாள் முனையால் அதைக் கீறி, உள்ளே இருந்ததை இலையில் தள்ளினாள். முதல் கைலிக்காரனிடமிருந்து வெள்ளையாக நெல்லுப் பால் வழிந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதிலும் பாலோடு பச்சை நெல்லின் நொறுங்கல். வேட்டிக்காரன் பையிலிருந்து கடுகைவிடப் பொடியாகப் புல் விதை கொட்டியது. இரண்டாவதிலும் புல் விதை.

கடைசி வேட்டிக்காரனைக் கீறியபோது புல் விதைக்கு நடுவே இரண்டு நெல் இருந்தது. மறைத்திருக்கலாம், அவள் விரலுக்கு அடியில்தானே இருந்தது. எடுத்துத் தனியாக வைத்தாள்.

“பாத்தியா! இவனும் திருடன்தான்!” என்று நடராசன் குதித்தார்.

“ஆமாண்ணே. இவன் தின்னுருக்கான். இல்லேன்னு நான் சொல்லல. ஒருத்தன் ரெண்டு நெல்லைத் தின்னான்னு தெருவையே கொளுத்துவியா? இந்த முள்ளுல இருக்கறது பூரா வேட்டிக்காரன் கூடு. கூட்டுக்குள்ள குஞ்சு கிடக்கு. நான் பாத்த வரைக்கும் கைலிக்காரன் இந்தக் கரையில ஒரு கூடுகூடக் கட்டல.”

“அப்ப அவன் எங்கதான்க்கா குடும்பம் நடத்துறான்?” என்றான் ராம்கி.

ஆனந்தவல்லி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவர் கையில் தீப்பெட்டி இருந்தது.

“எங்க அண்ணன் வீட்டு போர்ட்டிக்கோவுல.”

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் ராம்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். “அண்ணே! நெல்லுத் திருடனுக்கு அரிசி வச்சு, தண்ணி வச்சு, வாசல்லயே தங்க வச்சுட்டு எங்களை முள்ளுக்குள்ள கூட்டிட்டு வந்தீங்களா? தூக்குங்கடா கேனை, அண்ணன் வீட்டுக்குப் போவோம்!”

அவ்வளவுதான். தீ வைக்கிற மனம் யாருக்கும் இல்லை. சிரித்துக்கொண்டே கலைந்துவிட்டார்கள். மறுநாள் டீக்கடையில் நடராசன் போய் உட்கார்ந்தால், 'குருவி சௌக்கியமாண்ணே?' என்று விசாரித்தார்கள். விவசாயிகள் சங்கத்தில் முன்வரிசையில் உட்கார்கிற மனிதர், அவருக்கு அது தாங்கவில்லை.

தையல்நாயகிக்கு வேறு கோபம். “என் மருமக வயித்துல புள்ளையோட இருக்கா. வாசலுக்கு வந்த லட்சுமியைத் திருடன்னு ஊர் நடுவுல சொல்லிட்டாளே, இது விளங்குமா?” என்று மூக்கைச் சிந்தினாள். ஜெயபாரதி போனைக் கொண்டுபோய் மாமாவிடம் இரண்டு படத்தையும் காட்டினாள். 'போன்ல ஆயிரம் வரும்' என்று அவர் எழுந்து போய்விட்டார்.

புதன்கிழமை அவர் தங்கையைக் கூப்பிட்டார்.

“வெள்ளிக்கிழமை ஊரே நம்ம வீட்டுக்கு வரும். எல்லாரும் இருக்கறப்ப ஒரு வார்த்தை சொல்லிடு. தெரியாமச் சொல்லிட்டேன், வாசல்ல இருக்கறது சிட்டுதான்னு. சனிக்கிழமை கரையைக் கொளுத்திட்டு இதோட முடிச்சுக்குவோம்.”

“சொல்லலேன்னா?”

“சொல்லலேன்னா உனக்கு இந்த வீட்டுல என்ன வேலை?”

அவள் சொல்லிப் பார்க்காமல் இல்லை. வியாழக்கிழமை கீற்றுக்கு அடியில் தனியாக உட்கார்ந்து, வாய் விட்டுச் சொல்லிப் பார்த்தாள். 'தெரியாமச்' என்பதற்கு மேல் வரவில்லை. தெரியாது என்று சொல்ல அவள் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. படிக்கத் தெரியாது, கையெழுத்துப் போடத் தெரியாது, பஸ் போர்டைப் பார்க்கத் தெரியாது, பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்டுத்தான் ஏறுவாள். தெரியாதது அத்தனையையும் தெரியாது என்று சொல்லியே நாற்பத்தாறு வயதுக்கு வந்தவள். அவளுக்கென்று தெரிந்தது இது ஒன்றுதான். அதையும் தெரியாது என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்த அறையில் படுத்துக்கிடக்கப் போகிறவள் யார்?

வெள்ளிக்கிழமை கூடம் நிறையப் பெண்கள். ஜெயபாரதி பட்டுப்புடவையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் சந்தனம், குங்குமம், தாம்பாளம் நிறையக் கண்ணாடி வளையல். ஆனந்தவல்லி வழக்கம்போல அடுப்படி வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றாள். புருஷனை இழந்தவள் அதைத் தாண்டி வருவதில்லை. பரணிதரன் கல்யாணத்திலேயே மண்டபத்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தவள்.

தையல்நாயகி தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “வல்லி, இப்படி நடுவுல வா. உனக்கு இல்லாத உரிமையா? முதல் வளையல் நீயே போடு. யாரு என்ன சொல்றாங்கன்னு நான் பாத்துக்கறேன். அதுக்கு முன்னால அண்ணன் சொன்னதை மட்டும் சொல்லிடு.”

 பத்தொன்பது வருஷமாக யாரும் நீட்டாத தாம்பாளம். நீட்டியபோது அதற்கு ஒரு விலையோடு நீட்டினார்கள்.

“தட்டைக் கீழ வைங்க அண்ணி, கை வலிக்கும்” என்றாள் ஆனந்தவல்லி. “வாசல்ல இருக்கறது சிட்டு இல்ல, கைலிக்காரன்தான். அது வந்தது கெட்டதுன்னு நான் சொல்லவே இல்ல. கூடு கட்டியிருக்கு, நல்லா இருக்கட்டும், யாரும் தொடாதீங்க. ஆனா நெல்லைத் தின்னது அது. வாய்க்கால் கரையில இருக்கறது தின்னல. நான் தெரிஞ்சுதான் சொன்னேன்.”

சொல்லிவிட்டு உள்ளே திரும்பினாள். துணிமணியைக் காலையிலேயே கட்டைப்பையில் எடுத்து வைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு கூடத்தின் வழியாகவே வந்தாள். கொல்லைப்பக்கமாகப் போயிருக்கலாம், போகவில்லை.

“சின்னம்மா” என்றாள் ஜெயபாரதி. “எனக்கு வளையல் போட்டுட்டுப் போங்க.”

“பாரதி!” என்று அதட்டினாள் தையல்நாயகி.

“என் கைதானே அத்தை.” கையை நீட்டியபடியே இருந்தாள்.

யாரோ ஒருத்தி 'அபசகுனம்' என்று முணுமுணுத்தாள். ஆனந்தவல்லி பையைக் கீழே வைத்தாள். தாம்பாளத்திலிருந்து இரண்டு பச்சை வளையலை எடுத்து, கை நோகாமல் மெல்லத் திருப்பித் திருப்பி ஏற்றினாள். ஜெயபாரதி இன்னொரு கையையும் நீட்டினாள். அதற்கும் இரண்டு போட்டாள். யார் முகத்தையும் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டாள்.

வாசற்படியில் நடராசன் வழியை மறித்து நின்றார்.

“எங்க போவே?”

“சம்பா நடவு வருது. நடவுக்கு ஆளு கூட்டிட்டுப் போற ராமாயி ஆளு தேடிக்கிட்டிருக்கா.”

“என் தங்கச்சி கூலி நடவுக்குப் போறதா? இந்தப் படியைத் தாண்டினா...”

“தாண்டத்தான் போறேன். தள்ளிக்கண்ணே, செருப்பு உன் பின்னால கிடக்கு.”

அவர் தள்ளிக்கொண்டார். அவள் குனிந்து, வந்தவர்கள் விட்டிருந்த செருப்புகளுக்கு நடுவே தன் ரப்பர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். கேட்டைத் திறந்தபோது ராம்கி மொய்க் கவரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.

“என்னக்கா, சாப்பாடு ஆயிடுச்சா?”

“போய்ச் சாப்பிடு. சாப்பிட்டுட்டு உள்ள இருக்கற ஆம்பிளைங்ககிட்ட ஒண்ணு சொல்லு. நாளைக்கு எவனாவது கேனைத் தூக்கிக்கிட்டு கரைக்கு வந்தா, அந்த முள்ளுக்குள்ள நான் உக்காந்திருப்பேன்னு சொல்லு.”

வெயில் ஏறியிருந்தது. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, வாய்க்கால் இருக்கிற பக்கமாக அவள் நடந்தாள்.